பாசில்டன் பாட்டுகளும் வீட்டுப் பிரதிகளும்

1978-ஆம் வருஷத்தில், லண்டன் மாநகரத்தில் சினிமாப் படச்சுருள்களை வெட்டி ஒட்டும் தொழிலில் உதவியாளராக இருந்து ஜீவனம் நடத்திவந்த டேனியல் மில்லர் என்ற இளைஞர், சேர்த்து வைத்த பணத்தைக் கொண்டு, ஒருவர் உபயோகித்து விற்ற கோர்க் 700எஸ் என்னும் ஜப்பானிய சிந்தஸைசர் ஒன்றையும், நான்கு தடங்களில் ஒலியைப் பதிக்கவல்ல டியாக் நாடா யந்திரம் ஒன்றையும் வாங்கி வீட்டிலே வைத்துக்கொண்டு, தாமே வாசித்து, தாமே பாடி, தாமே பதிவும் செய்து, ‘தி நார்மல்’ என்ற புனைபெயரில் இரண்டு பாட்டுகள் அடங்கிய இசைத்தட்டு ஒன்றை வெளியிட்டார். தட்டின் உறையில் விலாசம் என்று ஒன்று இருக்க வேண்டுமே என்பதற்காகத் தம் தாயார் வசித்த வீட்டின் விலாசத்தை அச்சிட்டுவிட்டார். விளைவு என்னவென்றால், அவரைப் போலவே வீட்டு மூலையில் உட்கார்ந்து யந்திரங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த முகம் தெரியாத இளைஞர்கள் பலர், தங்கள் காஸெட்டுகளை அந்த விலாசத்துக்குத் தபாலில் அனுப்பத் தொடங்கினார்கள். ‘மியூட்’ என்ற பெயருடைய இசைத்தட்டு ஸ்தாபனம் இப்படித்தான், ஸ்தாபகரே எதிர்பாராத வகையில், ஒரு ஸ்தாபனமாயிற்று.

டெபெஷ் மோட் என்ற பிரசித்தி பெற்ற ஆங்கிலேய இசைக்குழுவின் பாட்டுகளை, வீட்டுக் கூடத்திலும் படுக்கையறையிலும் இருந்துகொண்டு, பொம்மை வாத்தியங்களையும் மலிவான கீபோர்டுகளையும் பழைய காஸெட் யந்திரங்களையும் துணையாகக் கொண்டு, இரைச்சலும் கரகரப்பும் நீங்காமலே மறுபடி பாடிப் பதிவு செய்யும் ஒரு வழக்கம் உலகத்தின் பல திசைகளிலும் வேரூன்றியிருக்கிறது. ‘லோ-ஃபை கவர்’ என்று இளைஞர்கள் இதைச் சொல்லுகிறார்கள். கோடிக்கணக்கில் செலவழித்து உருவாக்கப்பட்ட ஒரு மாளிகையின் களிமண் பிரதியாக இதைக் கருதி, ரசித்துச் சிரித்துவிட்டு நகர்ந்துபோகிறவர்களே அதிகம். அந்தப் பாட்டுகளின் பூர்வ சரித்திரத்தைச் சற்று நிதானமாகப் பார்த்தால், களிமண் முன்னது, மாளிகை பின்னது என்பது தெரியவரும். இந்த வீட்டுப் பிரதிகளை அசலின் தேய்வு என்று சொல்லுவதைக் காட்டிலும், அசல் எந்த இடத்திலிருந்து புறப்பட்டதோ அந்த இடத்துக்கு அதைக் கூட்டிச்செல்லும் பிரயாணம் என்று சொல்லுவதே பொருந்தும் என்பது என் அபிப்பிராயம்.

மில்லரின் அடுத்த காரியம் இந்த அபிப்பிராயத்துக்கு முதல் சாட்சி. 1979-லும் 1980-லும் அவர், சக் பெரி முதலானோர் 1950-களிலும் 1960-களிலும் கிடாரும் டிரம்ஸும் அதிரப் பாடிப் பெயர் பெற்ற பழைய ராக் அண்ட் ரோல் பாட்டுகளை எடுத்து, கிடாரின் சம்பந்தமே இல்லாமல், முழுக்க முழுக்க சிந்தஸைசரின் மெலிந்த கீச்சுக் குரலில் வாசித்துப் பதிவு செய்தார். ‘சிலிக்கான் டீன்ஸ்’ என்று ஒரு குழு இருப்பதாகவும், அதில் இரண்டு ஆண்களும் இரண்டு பெண்களுமாக நான்கு வாலிபர்கள் வாசிப்பதாகவும் விளம்பரம் செய்யப்பட்டது. நால்வரில் ஒருவர்கூட உலகத்தில் இல்லை. எல்லாம் மில்லர் ஒருவரே. பாட வாய் அசைக்க ஓர் ஆள் வேண்டும் என்று வந்தபோது நண்பர் ஃபிராங்க் டோவி முகம் காட்டி உதவினார். விளையாட்டாகச் செய்த காரியந்தான்; எனினும் அந்த விளையாட்டின் உள்ளே ஒரு கற்பனை ஒளிந்திருந்தது. கிடாரைத் தொட்டே அறியாத, முதல்முதலாகக் கையில் எடுக்கும் வாத்தியமே சிந்தஸைசராக உள்ள பையன்கள் சேர்ந்து ஒரு குழு அமைத்தால் எப்படி இருக்கும் என்று அவர் மனக்கோட்டை கட்டியிருந்தார். ஆகவே, யந்திரப் பாட்டின் ஆதிநாட்களிலேயே, பிறருடைய புகழ்பெற்ற பாட்டை மலிவான யந்திரத்தில் மறுபடி பாடும் வழக்கம் இருந்தது. சொல்லப்போனால் அந்த வழக்கமே குழுவுக்கு முன்னோடியாகவும் நின்றது.

மனக்கோட்டை கட்டிய மறுவருஷமே அந்தப் பையன்கள் நேரில் வந்து நின்றார்கள். அவர்கள் வந்த ஊர் எஸெக்ஸ் ஜில்லாவிலுள்ள பாசில்டன். இரண்டாவது உலக யுத்தத்தில் ஜெர்மானியரின் குண்டுவீச்சினால் வீடிழந்தும், இடநெருக்கடியால் திணறியும் தவித்த கிழக்கு லண்டன் ஜனங்களைக் குடியேற்றுவதற்காக, 1949-ல் சர்க்கார் திட்டமிட்டு எழுப்பிய புதிய நகரம் அது. கோவில், கடைவீதி, பரம்பரை, பழங்கதை என்று எதுவும் தானாக வளராமல், வரைபடத்திலே முதலில் பிறந்து பிறகு மண்ணிலே எழுந்த ஊர். அங்கே வளர்ந்த வின்ஸ் கிளார்க், மார்ட்டின் கோர், ஆண்டி ஃபிளெட்சர் ஆகிய மூவரும் சேர்ந்து வாசித்துக்கொண்டிருந்த சமயத்தில், டேவிட் போவியின் ‘ஹீரோஸ்’ என்ற பாட்டை ஒரு பையன் பாடுவதைக் கிளார்க் கேட்க நேர்ந்தது. பாடியவர் டேவ் கஹான். உலகப் புகழ் பெறப்போகிற டெபெஷ் மோட் குழுவுக்குக் குரல் வந்து சேர்ந்தது, பிறத்தியார் பாட்டை அவர் பாடியதன் வாயிலாகத்தான் என்பதை இங்கே குறித்து வைத்துக்கொள்ளலாம்.

கோர் பாங்கியில் குமாஸ்தா. ஃபிளெட்சர் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியில் உத்தியோகம். வேலை முடிந்தபின் சிந்தஸைசர்களைக் கையில் சுமந்துகொண்டு ரெயில் ஏறி லண்டனுக்குப் போய்க் கச்சேரி செய்துவிட்டு, மறுநாள் காலையில் மேஜைக்குத் திரும்பிவிடுவார்கள். டிரம்ஸும் பெரிய ஒலிபெருக்கிகளும் கொண்ட குழுக்கள் லாரி பிடித்து அலைந்த காலத்தில், இவர்களுடைய சங்கீதம் முழுவதும் ரெயில்வே மூட்டைக்குள் அடங்கிவிட்டது. 1980-ல், கிழக்கு லண்டனின் கானிங் டவுன் பகுதியிலுள்ள பிரிட்ஜ் ஹவுஸ் என்ற மதுச்சாலையில், மேற்சொன்ன டோவியின் கச்சேரிக்கு முன்னதாக இவர்கள் வாசித்ததை மில்லர் கேட்டார். தாம் கற்பனை செய்த குழு உயிருடன் எதிரே நிற்பதைக் கண்டவர், எழுத்து மூலமான ஒப்பந்தம் எதுவும் இல்லாமல், லாபத்தைச் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொள்ளுவது என்று கைகுலுக்கிக் காரியத்தை முடித்துக்கொண்டார். வக்கீல்களும் பத்திரங்களும் இல்லாத அந்தக் கைகுலுக்கல் பல வருஷங்களுக்குச் செல்லுபடியாயிற்று.

இங்கே வாத்தியங்களைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகச் சொல்லியாக வேண்டும். ஏனெனில் பிற்காலத்தில் எத்தனையோ பேர் இந்தப் பாட்டுகளை எளிதாக எடுத்துப் பாட முடிந்ததன் ரகசியம் முழுவதும் இதில்தான் இருக்கிறது. அந்நாளில் பையன்களுக்குக் கட்டுப்படியான விலையில் கிடைத்த சிந்தஸைசர் எதுவும் ஒரு சமயத்தில் ஒரே ஒரு ஸ்வரத்தைத்தான் எழுப்பும். பியானோவிலோ ஹார்மோனியத்திலோ மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் மூன்று ஸ்வரங்களும் கூடி ஒலிக்குமே, அந்தச் சௌகரியம் இதில் கிடையாது. மூன்று கட்டைகளை அழுத்தினாலும் ஒன்றுதான் வாய் திறக்கும். கிளார்க்கிடம் இருந்த கவாய், கோரிடம் இருந்த யமஹா, ஃபிளெட்சரிடம் இருந்த மூக் ஆகிய மூன்றும் இந்த ஜாதியைச் சேர்ந்தவையே. ஆகவே பாட்டு ஒன்றைக் கட்டுவதென்றால், அடியில் ஒரு மந்தர ஸ்வர வரிசை, அதன்மேல் நடுவில் துள்ளும் ஒரு வரிசை, உச்சியில் மனத்தில் நிற்கும்படியான ஒரு வரிசை என்று, ஒவ்வொன்றும் தனியே பாடிக் காட்டத்தக்க மூன்று நான்கு இழைகளை முறுக்கித்தான் கட்ட வேண்டியிருந்தது. ஒவ்வோர் இழையும் ஒற்றை விரலால் வாசிக்கத்தக்கது. அலங்காரத்துக்கு மறைந்துகொள்ள இடம் இல்லாதபடியால், ஒவ்வோர் இழையும் தன்னளவில் ஒரு ராகத்துணுக்காக நிற்க வேண்டிய நிர்ப்பந்தம் ஏற்பட்டது. வறுமையினால் நேர்ந்த இந்த நிர்ப்பந்தமே அவர்களுடைய பாணியாகவும் ஆயிற்று. பிற்காலத்தில் எத்தனை ஸ்வரங்களை வேண்டுமானாலும் ஒருசேர எழுப்பவல்ல விலையுயர்ந்த யந்திரங்கள் கைக்கு வந்தபிறகும், இழை இழையாகப் பாட்டுக் கட்டும் அந்தப் பழக்கம் அவர்களை விட்டுப் போகவே இல்லை.

முறுக்கிக் கட்டியதை யாரும் பிரிக்கலாம். ஒரு ராக் குழுவின் கிடார் வாசிப்பைப் போலச் செய்ய விரும்புகிறவனுக்கு, வருஷக்கணக்கான கைப்பழக்கமும் அதே மாதிரியான கிடாரும் ஒலிபெருக்கியும் வேண்டும். அவற்றில் ஒன்று குறைந்தாலும் கேட்கச் சகிக்காது. டெபெஷ் மோட் பாட்டையோ, ஓர் இழையைப் பொம்மைப் பியானோவிலும், இன்னோர் இழையை மெலோடிகாவிலும், வேறோர் இழையைத் தண்ணீர் ஊற்றிய கண்ணாடிப் புட்டிகளிலும் வாசித்தாலும், பாட்டு தன் அடையாளத்தை இழப்பதில்லை.

இத்தகைய ஒற்றை விரல் சங்கீதத்தைச் சங்கீதம் என்று ஒப்புக்கொள்ளவே பலருக்கு மனம் வரவில்லை. 1982-ல் இங்கிலாந்தின் இசைக்கலைஞர் சங்கத்தினுடைய மத்திய லண்டன் கிளை, சிந்தஸைசர்களையும் தாள யந்திரங்களையும் விலக்க வேண்டும் என்று தீர்மானமே நிறைவேற்றிற்று. கலைஞர்களின் பிழைப்பைப் பற்றிய நியாயமான கவலை அதில் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. பெட்டியைக் கண்டால் வித்வான்களுக்கு உண்டாகும் அருவருப்பும் கூடவே இருந்தது என்று நான் நினைக்கிறேன். நம் தேசத்திலும் ஹார்மோனியத்துக்கு இந்தக் கதி நேர்ந்ததுண்டு. கமகத்துக்கு வளைந்து கொடுக்காத பெட்டி என்று பண்டிதர்கள் பழித்ததன்பேரில், 1940-ல் அகில இந்திய ரேடியோ அதைத் தன் வாசற்படி ஏறக்கூடாதென்று விலக்கி வைத்துச் சுமார் முப்பது ஆண்டு காலம் அந்தத் தடையைக் காப்பாற்றி வந்தது. அதற்குள்ளாக அந்தப் பெட்டி நாடகக் கொட்டகைகளிலும் பஜனை மடங்களிலும் சௌக்கியமாகக் குடியேறி, ரேடியோவின் தயவு இல்லாமலே வாழ்ந்துவந்தது.

குழுவின் முதல் ஆல்பம் 1981-ல் வெளிவந்தது. வழிபாடு நின்றுபோன ஒரு மாதாகோவிலில் அமைந்திருந்த பிளாக்விங் ஒலிப்பதிவுக் கூடத்தில் அதைப் பதிவு செய்தார்கள். ‘ஸ்பீக் அண்ட் ஸ்பெல்’ என்று அதற்கு அவர்கள் சூட்டிய பெயர், டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனியார் குழந்தைகளுக்கு எழுத்துக்கூட்டக் கற்பிப்பதற்காக விற்றுவந்த பேசும் பொம்மையின் பெயர். பிற்காலத்தில் பொம்மைகளைக் கொண்டு இவர்கள் பாட்டை வாசித்தவர்கள் அபசாரம் எதுவும் செய்துவிடவில்லை என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை. ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழுவினரும் அதே வருஷத்தில் ‘பாக்கெட் கால்குலேட்டர்’ என்று ஒரு பாட்டை வெளியிட்டு, கச்சேரி மேடையின் ஓரத்துக்கு வந்து, கையடக்கமான சின்னஞ்சிறு கருவியைச் சபையோரிடம் நீட்டி அவர்களையே கட்டையை அழுத்தச் செய்து வேடிக்கை காட்டினார்கள்.

கிளார்க் அவ்வருஷக் கடைசியிலேயே குழுவை விட்டு விலகி, அதே ஊரைச் சேர்ந்த அலிஸன் மொயே என்ற பாடகியுடன் ‘யாஸூ’ என்ற இருவர் குழுவை அமைத்தார். 1982-ல் வெளிவந்த அவர்களுடைய ‘ஒன்லி யூ’ என்ற பாட்டைத்தான், மறுவருஷம், தொழிலாளர் நாடகங்களில் நடித்துவந்த நடிகர்கள் சிலர் ‘ஃபிளையிங் பிக்கெட்ஸ்’ என்ற பெயரில், வாத்தியமே இல்லாமல் வெறும் தொண்டையினாலேயே பாடினார்கள். சிந்தஸைசரின் ஒவ்வோர் இழையையும் ஒருவர் தம் குரலால் ஏற்றுக்கொண்டார். 1983-ஆம் வருஷத்துக் கிறிஸ்துமஸ் சமயத்தில் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தில் நின்றது அந்த மனிதக்குரல் பிரதிதான். யந்திரப் பாட்டிலிருந்து யந்திரத்தை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்ற கேள்விக்கு, யந்திரப் பாட்டு செழித்தோங்கிய அந்த நாளிலேயே ஜனங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

டெபெஷ் மோட் வளர்ந்த கதையை நான் இங்கே விரித்துரைக்கப் போவதில்லை. ஆலன் வைல்டர் என்ற தேர்ந்த வித்வான் வந்து சேர்ந்ததும், கட்டட வேலை நடக்கும் இடங்களுக்குப் போய் இரும்பையும் தகரத்தையும் தட்டி அந்த ஓசைகளைப் பிடித்துவந்து பாட்டில் கோத்ததும், பெர்லினுக்குப் போனதும், 1988-ஆம் வருஷம் ஜூன் 18-ந் தேதி கலிஃபோர்னியாவின் பாஸடீனா நகரத்து ரோஸ் பௌல் மைதானத்தில் 60,000-க்கும் அதிகமான ஜனங்களுக்கு முன்னால் வாசித்ததும் எல்லாரும் அறிந்தவை. நமக்கு வேண்டியது அதே பத்தாண்டில் வீடுகளுக்குள் நடந்த காரியம்.

ஃபிலிப்ஸ் கம்பெனி 1963-ல் அறிமுகப்படுத்திய காஸெட், ஆரம்பத்தில் கடிதம் சொல்லவும் குறிப்பு எடுக்கவும் மட்டுமே லாயக்கானது என்று கருதப்பட்டது. 1979-ல் ஜப்பானின் டாஸ்காம் கம்பெனியார் போர்ட்டாஸ்டூடியோ 144 என்ற யந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அந்த நிலை மாறிற்று. சாதாரணக் காஸெட் நாடாவில் நான்கு தடங்கள் உண்டு. ஒரு பக்கம் ஓடும்போது இரண்டு, திருப்பிப் போட்டால் மற்ற இரண்டு. இந்த யந்திரமோ நான்கு தடங்களையும் ஒரே திசையில் உபயோகித்துக்கொண்டது; ஒலி சற்றுத் தெளிவாக இருக்கட்டும் என்று நாடாவையும் இரட்டை வேகத்தில் ஓட்டிற்று. ஆகையால் ஒருமணி நேரக் காஸெட்டில் கால்மணி நேரந்தான் பதிவு செய்யலாம். மறுபக்கம் என்ற பேச்சே கிடையாது. முதல் தடத்தில் தாளம், இரண்டாவதில் மந்தர இழை, மூன்றாவதில் மேல் இழை என்று பதிந்து முடித்த பிறகு, குரலுக்கு ஒரு தடமும் இன்னொரு வாத்தியத்துக்கு ஒரு தடமும் வேண்டுமே என்று தவிக்கும் வீட்டுக் கலைஞன், மூன்றையும் கலந்து நான்காவது தடத்தில் இறக்கிவிட்டு, பழைய மூன்றையும் அழித்து அவற்றின்மேல் புதிதாகப் பதிவான். அழித்தது அழித்ததுதான். தாளம் கொஞ்சம் ஓங்கிவிட்டதே, மந்தரம் அமுங்கிவிட்டதே என்று பிறகு வருந்திப் பயனில்லை. இப்படி ஒவ்வொரு தடவை இறக்கும்போதும் நாடாவின் ‘உஸ்’ என்ற இரைச்சல் ஒரு படி ஏறும். மேல் ஸ்வரங்களின் பளபளப்பு ஒரு படி மங்கும். வீட்டுப் பதிவுகளைக் கேட்ட மாத்திரத்தில் அடையாளம் காட்டும் அந்தத் திரைபோட்டாற் போன்ற மங்கல், இவ்வாறு நாலு தடத்துக்குள் ஏழெட்டு இழைகளைத் திணித்ததனால் உண்டான தழும்பு.

இத்தகைய தழும்போடு ஒரு பதிவு சபையேறலாம் என்று துணிவு தந்தவர் அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். 1982 ஜனவரியில் நியூ ஜெர்ஸியில் தம் வீட்டு அறையில் போர்ட்டாஸ்டூடியோவில் மாதிரிக்காகப் பாடி வைத்த பாட்டுகளைப் பிறகு பெரிய கூடத்தில் குழுவோடு பாடிப் பார்த்து, ஒன்றும் சரிப்படாமல், உறைகூட இல்லாமல் தம் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்த அந்தக் காஸெட்டிலிருந்தே ‘நெப்ராஸ்கா’ என்ற ஆல்பத்தை வெளியிட்டார். ஏறக்குறைய அதே காலத்தில் காஸியோ கம்பெனியார், கணக்குப் போடும் கால்குலேட்டரும் சிறு சிந்தஸைசரும் சேர்ந்த வி.எல்-1 என்ற கையகலக் கருவியை விற்றார்கள். அதன் கட்டைகள் சட்டைப் பித்தான் அளவே இருக்கும். குழந்தைகளின் விளையாட்டுச் சாமான் என்று நினைத்த அதைக் கொண்டு ஜெர்மனியின் டிரியோ குழுவினர் 1982-ல் ‘டா டா டா’ என்ற பாட்டைப் பல தேசங்களில் முழங்க வைத்தார்கள். இசைத்தட்டுக் கம்பெனிகளோ, வீட்டில் நாடாவில் பதிவு செய்யும் வழக்கம் சங்கீதத்தையே கொன்றுவிடும் என்று, காஸெட்டை மண்டையோடாக வரைந்து பிரசாரம் செய்துகொண்டிருந்தன. அவர்கள் அஞ்சியது தட்டுகளை நகல் எடுக்கும் வழக்கத்தைப் பற்றி. நகல் எடுக்கக் கற்ற அதே விரல்கள் சிவப்புப் பொத்தானை அழுத்தித் தங்கள் குரலையும் பதியத் தொடங்கியதை அவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

இனி, நான் சொல்லவந்த விஷயத்துக்கு நடுநாயகமான பாட்டுக்கு வருகிறேன். 1990-ல் வெளிவந்து, குழுவின் பாட்டுகளுக்குள் எல்லாம் பெரும்புகழ் பெற்ற ‘எஞ்ஜாய் தி சைலன்ஸ்’ என்ற பாட்டை அறியாத டெபெஷ் மோட் ரசிகர் இருக்க முடியாது. விரைந்து செல்லும் நடை, உருண்டோடும் மந்தர வரிசை, நடுநடுவே மணிபோல ஒலிக்கும் கிடார் என்று நாம் கேட்டுப் பழகிய அந்த உருவம், மார்ட்டின் கோர் முதலில் எழுதிய உருவம் அன்று. ஹார்மோனிய நாதத்தை மட்டும் துணையாக வைத்துக்கொண்டு, தாளமே இல்லாமல், பிரார்த்தனை கீதத்தைப் போல மெல்ல நகரும் ஒரு விளம்பகாலப் பாட்டாகத்தான் அவர் அதை வீட்டில் பாடிக் கொண்டுவந்தார். அதன் நடையைத் துரிதப்படுத்தலாம் என்ற யோசனை வைல்டருக்கு உதித்தது. மௌனத்தைப் பற்றிய பாட்டுக்கு இத்தனை வேகமா என்று கோர் முதலில் இசையவில்லை. டென்மார்க்கிலிருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில், வைல்டரும் ஃபிளட் என்ற தயாரிப்பாளரும் மற்றவர்களைச் சற்று ஒதுங்கியிருக்கச் சொல்லிவிட்டுத் தாளத்தையும் நடையையும் அமைத்தார்கள், பிறகு கோரைக் கூப்பிட்டுக் கிடாரில் ஒரு துணுக்கு வாசிக்கச் சொன்னார்கள், பாட்டு உருவாகிவிட்டது. ஆனாலும் அந்தப் பழைய ஹார்மோனிய உருவத்தை அவர்கள் எறிந்துவிடவில்லை. அதே வருஷம், கோரின் குரலிலேயே, அந்தப் பாட்டின் தட்டுகளில் ஒன்றில் துணைப் பாட்டாகச் சேர்த்து வெளியிட்டார்கள்.

இதன் தாத்பரியம் என்ன? இன்று யாரோ ஒருவர் தம் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு பழைய பெட்டியில் மூன்று கட்டைகளை அழுத்தியபடி, இந்தப் பாட்டை மெதுவாகப் பாடிப் பதிவு செய்கிறார் என்றால், அவர் அசலை நீர்த்துப்போகச் செய்யவில்லை. அசலுக்கும் முந்திய அசலை, பெரும்பாலும் அதை அறியாமலே, கண்டெடுக்கிறார். நார்வே தேசத்துச் சுஸான்னா என்ற பாடகி 2006-ல் தம் ‘மேஜிகல் ஆர்க்கெஸ்ட்ரா’வோடு இந்தப் பாட்டைப் பாடிப் பதிவு செய்தார். பெயரில்தான் ஆர்க்கெஸ்ட்ரா; அவரையும் கீபோர்டு வாசிக்கும் ஒருவரையும் தவிர அதில் ஆள் இல்லை. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையே அவர் விடும் இடைவெளியைக் கேட்டால், கோர் ஏன் முதலில் மறுத்தார் என்பது விளங்கும்.

பெரிய பெயர் படைத்தவர்களும் இந்தப் பாட்டுகளை எடுத்துப் பாடியிருக்கிறார்கள். 1998-ல் ‘ஃபார் தி மாஸஸ்’ என்ற தலைப்பில், தி கியூர், ஸ்மாஷிங் பம்ப்கின்ஸ், ராம்ஸ்டைன் முதலான குழுக்கள் ஆளுக்கொரு பாட்டாகப் பாடிய தொகுப்பு வெளிவந்தது. அதில் இரண்டொன்றைத் தவிர மற்றவை எனக்கு ரசிக்கவில்லை. இருந்த இழைகளின்மேல் கனமான கிடாரை ஏற்றி மூச்சுத்திணறச் செய்வதைப் புது விளக்கம் என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. 2002-ல், அந்திமகாலத்தை நெருங்கியிருந்த அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷ், ‘பெர்ஸனல் ஜீஸஸ்’ என்ற பாட்டை மரக் கிடாரோடு பாடியது அப்படியல்ல. அது லோ-ஃபை என்ற வகுப்பில் சேராது, நேர்த்தியான பதிவு. ஆயினும் அசலில் தாளத்துக்காக மிலான் நகரத்து ஒலிப்பதிவுக் கூடத்தில் சாமான் பெட்டிகளின்மேல் ஆட்கள் குதித்து எழுப்பிய தடதடப்பைக் கழற்றிவிட்டு, விசுவாசம் நிறைந்த ஒரு கிழவரின் நடுங்கும் குரலை அங்கே வைத்ததும், கேலியாகவும் கேட்கத்தக்க அந்தப் பாட்டு மெய்யான ஜபமாக மாறிவிட்டது. ஃபிரெஞ்சுக்காரர்களான ‘நுவெல் வாக்’ குழுவினர் 2004-ல் டெபெஷ் மோட்டின் முதல் ஆல்பத்திலுள்ள துள்ளல் பாட்டு ஒன்றைப் பிரேசில் தேசத்துப் போஸா நோவா பாணியில் பாடினார்கள்; 2009-ல் அவர்கள் ‘மாஸ்டர் அண்ட் செர்வன்ட்’ பாட்டை எடுத்தபோது, அதை எழுதிய கோரே வந்து கூடப் பாடிக் கொடுத்தார். பிறர் பாட்டுகளை மட்டுமே பாடி 1989-லும் 2003-லும் தனித்தட்டுகள் வெளியிட்ட மனிதர் அவர். இந்த விஷயத்தில் அவருக்குச் சங்கோசம் இருந்திருக்க நியாயமில்லை.

லோ-ஃபை என்ற பெயரால் செய்யப்படுவன எல்லாம் உத்தமம் என்று நான் சொல்ல வரவில்லை. பழுதில்லாத கம்ப்யூட்டரில் பழுதில்லாமல் பதிவு செய்துவிட்டு, அதன்மேல் நாடா இரைச்சலையும் தட்டின் கீறலையும் தனியாக வாங்கித் தூவுகிற ஒரு நாகரிகம் இப்போது பரவியிருக்கிறது. நாலு தடத்துக்குள் ஏழு இழைகளை அடக்க முடியாமல் தவித்தவனுக்கு இரைச்சல் விதி. இடம் ஏராளமாக இருக்கிறவன் அதை விலைகொடுத்து வாங்குவது வேஷம். அப்படிப்பட்ட பதிவுகளில் பாட்டு தூங்குகிறது. இரைச்சல் மட்டும் விழித்திருக்கிறது. மெல்லிய குரலில் முணுமுணுத்தால் சோகம் தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கையும் பலரைக் கெடுத்திருக்கிறது.

மெய்யான நிர்ப்பந்தத்தில் மெய்யான உற்சாகம் பிறந்ததற்கு உதாரணமாகத் தென் அமெரிக்காவின் கொலம்பியா தேசத்திலிருந்து ஒரு குடும்பத்தைக் காட்டுவேன். பொகோட்டா நகரத்து டிக்கன் ஷ்ரேடர் என்பவர், 2010-களின் தொடக்கத்தில், தம்முடைய சின்னஞ்சிறு மகளையும் மகனையும் கூட்டு வைத்துக்கொண்டு, பொம்மை வாத்தியங்களையும் வீட்டுச் சாமான்களையும் கொண்டு டெபெஷ் மோட் பாட்டுகளை வாசித்துப் படம்பிடித்து வெளியிட்டார். மூவர் பெயரின் முதலெழுத்துகளையும் சேர்த்து அவர் தம் குழுவுக்குச் சூட்டிய பெயர் ‘டி.எம்.கே.’ என்பது. தமிழ்நாட்டு வாசகர்கள் இதைப் படித்துவிட்டுக் கொலம்பியாவில் கிளை திறந்தாயிற்றா என்று கேட்கக்கூடும். அவர்கள் வாசித்தவற்றுள் அதிகமாகப் பேசப்பட்டது ‘எவ்ரிதிங் கவுண்ட்ஸ்’.

1983-ல் கோர் எழுதிய அந்தப் பாட்டு, கம்பெனிகளின் பேராசையையும் ஒப்பந்தங்களின் கபடத்தையும் பற்றியது. கைகுலுக்கலையே ஒப்பந்தமாகக் கொண்டு வாழ்ந்த ஒரு குழு அதைப் பாடியதில் ஒரு பொருத்தம் உண்டு. ரோஸ் பௌல் கச்சேரியில் கடைசிப் பாட்டாக வைத்திருந்ததும் அதையே; வாத்தியங்கள் ஓய்ந்தபின்னும் ஜனங்கள் விடாமல் அதன் பல்லவியைப் பாடிக்கொண்டிருந்ததை, அந்தக் கச்சேரியைப் பற்றி டி. ஏ. பென்னிபேக்கர் எடுத்த ‘101’ என்ற படத்தில் இன்றும் காணலாம். பொகோட்டா வீட்டிலோ தகப்பனார் கண்ஜாடை காட்ட, குழந்தைகள் தங்கள் முறை வரும்வரை முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு காத்திருந்து, வந்தவுடன் தங்கள் இழையை இம்மியும் பிசகாமல் வாசித்துவிட்டு, மறுபடி காத்திருக்கிறார்கள். சிரிப்புக் காட்டவேண்டும் என்ற எண்ணம் அவர்கள் முகத்தில் மருந்துக்கும் இல்லை. மைதானத்து அறுபதினாயிரம் பேரையும் கூடத்து மூவரையும் ஒப்பிட்டு, இவற்றுள் எது அசலுக்குக் கிட்டியது என்று என்னைக் கேட்டால், தயங்காமல் கூடத்தைத்தான் காட்டுவேன். அந்தப் பாட்டுக்காகக் குழுவினர் எடுத்த விளம்பரப் படத்தைப் பார்த்தவர்கள், அவர்கள் கையிலேயே சைலஃபோனும், குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் ஊதும் மெலோடிகாவும் இருப்பதைக் கவனித்திருப்பார்கள்.

குழுவினரும் இந்த வீட்டுப் பிரதிகளைக் கண்டும் காணாதவர்களாக இருந்துவிடவில்லை. 2018 ஜூலையில் பெர்லின் நகரத்து வால்ட்பூனே திறந்தவெளி அரங்கில் அவர்கள் நடத்திய கச்சேரிகளை ஆன்டன் கார்பைன் படமாக்கினார்; குழுவின் புகைப்படங்களையும் பாட்டுப் படங்களையும் பல்லாண்டாக எடுத்துவந்தவர் அவர். அடுத்த வருஷம் வெளிவந்த ‘ஸ்பிரிட்ஸ் இன் தி ஃபாரஸ்ட்’ என்ற அந்தப் படத்தில், மேடையிலுள்ள நட்சத்திரங்களுக்குக் கொடுத்த இடத்துக்குக் குறையாத இடத்தை, பல தேசங்களிலிருந்தும் தேர்ந்தெடுத்த ஆறு ரசிகர்களின் கதைக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த அறுவரில் பொகோட்டா தகப்பனார் ஒருவர்.